ஆறே முக்கால் பஸ்

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் கலைக்கு யாராவது பட்டம் கொடுப்பதாக இருந்தால், எனக்கு எப்போதோ கிடைத்திருக்கும். சேலம் பஸ் நிலையத்தில் ஏற்காடு போகும் ஆறே முக்கால் பஸ் நின்றிருக்காது, நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் துண்டு, குடை, சாப்பாட்டுப் பை எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தடவை ஒரு கைக்குழந்தையே வந்து சேர்ந்தது! "டீச்சர், பாப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று ஜன்னல் வழியே என் மடியில் வைத்த அம்மாள், நிதானமாகப் படி ஏறி வந்து, "பாப்பாவோட சீட்டுங்க இது" என்று என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த சாமர்த்தியத்துக்கு என் கைக்குட்டை எந்த மூலை?

மலை மேலே ஒரு கிராமப் பள்ளியில் எனக்கு உத்தியோகம். 2014 ஜூன் மாதத்திலிருந்து தினமும் ஏறி இறங்குகிறேன். "அடேயப்பா, தினமும் ஏற்காடா! கொடுத்து வைச்சவ" என்று சொல்லாத உறவினர் இல்லை. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் பார்க்க வருகிறவர்களுக்கு அது குளுகுளு மலை. எனக்கோ ஒரு நாளைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. போகும்போது இருபது, வரும்போது இருபது.

கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சமதளம்தான். பிறகு மீதமுள்ள தூரத்துக்குள் இந்த உயரத்தை எல்லாம் பஸ் முக்கி முனகி ஏறியாக வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்று பாடம் நடத்துகிறவள்தான் நான். ஆனாலும் வேர்வையில் ஊறிய ரவிக்கையோடு பஸ் ஏறி, பதினைந்தாவது வளைவில் ஸ்வெட்டர் தேடுகிற அவஸ்தை பாடப் புத்தகத்தில் இல்லை.

முதல் நாள் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புது வேலை என்று மாமியார் வயிறு நிறையப் பொங்கலும் வடையும் கொடுத்து அனுப்பினார். ஆறாவது வளைவில் வாய் ஊறியது. ஒன்பதில் கண் இருட்டியது. பதினொன்றில்... வேண்டாம், நீங்கள் சாப்பாட்டு வேளையில் படித்துக்கொண்டிருக்கலாம். புதுச் சேலையோடு தலைமை ஆசிரியர் முன்னால் போய் நின்ற கோலத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. மறுநாள் காலியான வயிற்றோடு கிளம்பினேன். அன்று இன்னும் மோசம்.

மூன்றாம் நாள் கண்டக்டர்தான் வழி சொன்னார். "டீச்சர், பின்னாடி உக்காராதீங்க. முன்னாடி வாங்க. ரோட்டைப் பாருங்க, பக்கத்துல பாறையைப் பார்க்காதீங்க. போன் நோண்டாதீங்க. டிரைவருக்கு என்னிக்காவது குமட்டிப் பார்த்திருக்கீங்களா?"

நியாயமான கேள்வி! பிறகு எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டபோது காரணம் புரிந்தது. நம் உள்காதில் அசைவை அறிகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. பஸ் வளையும்போது, "ஆடுகிறோம், திரும்புகிறோம்" என்று அது மூளைக்குச் சேதி அனுப்புகிறது. கண்ணோ மடியில் உள்ள புத்தகத்தைப் பார்த்து, "அசையாமல்தானே இருக்கிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துப் போகாததால் வருகிற குழப்பம்தான் குமட்டல். டிரைவருக்கு அடுத்த திருப்பம் முன்கூட்டியே தெரியும், கண்ணும் சாலையில் இருக்கும், ஆகவே அவர் தப்பித்துவிடுகிறார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் பாடு இன்னும் கஷ்டம். இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு அநேகமாக வருவதே இல்லையாம். அந்த ஜன்னல் வழிப் பாப்பா வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்த ரகசியம் இதுதான் போலும்.

வயிற்றைக் காய விடவும் கூடாது, முட்ட நிரப்பவும் கூடாது. இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல். ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்வது எனக்கு ஒத்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட்டுக்கொண்டால்தான் பலன். குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றும். ஒரு நாள் போட்டுக்கொண்டு போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சாமியாடியிருக்கிறேன். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. காது அடைத்துக்கொண்டால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு மிட்டாயைச் சப்புங்கள், 'பட்'டென்று திறந்துகொள்ளும்.

மூன்றே வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. பழகவும் பழகும் என்பதுதான் இந்தத் தொல்லையின் ஒரே நல்ல குணம்.

உடம்பு பழகியதும் பஸ்ஸே ஒரு ஊர் போலத் தெரிய ஆரம்பித்தது. மாலையில் இறங்கும் பஸ்ஸில் மிளகு மூட்டை ஏறும், பலாப்பழம் ஏறும், ஆரஞ்சுக் கூடை ஏறும். ஒரு பலாப்பழம் வளைவுக்கு வளைவு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டதும், நாங்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு வந்ததும் தனிக் கதை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இங்கே காபி பயிரிட வைத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் காபிக் காட்டில் கூலி வேலை பார்க்கும் பெண்கள்தான் என் சக பிரயாணிகள். மலையாளி என்று இவர்களைச் சொல்வார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

குரங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஏற்காட்டுக் கதை நிறைவு பெறாது. ஒரு நாள் பஸ் நின்ற இரண்டு நிமிஷத்தில் என் டிபன் பாக்ஸ் போயே போய்விட்டது. பாறை மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தது. தயிர் சாதத்தை மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்துவிட்டுக் கீழே வீசியது. என் சமையலுக்கு இதைவிட மோசமான விமரிசனம் என் வீட்டில்கூட வந்ததில்லை.

இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஒரு ஐப்பசி மாலை. நல்ல மழை. ஐந்தேகால் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வண்டிகள் வரிசை. செல்போனில் சிக்னல் இல்லை. ஆண்கள் இறங்கி ஓரமாகப் போய்விட்டு வந்தார்கள். நாங்கள்? மதியம் ஒரு மணிக்குப் பிறகு நான் பாத்ரூம் போகவில்லை. பள்ளியில் அது பாதி நாள் தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும். மணி ஏழானது. அடிவயிறு கல்லாகிவிட்டது. நெளிகிறேன், பல்லைக் கடிக்கிறேன்.

பக்கத்தில் இருந்தது ஒரு வயசான மலைக்காரப் பாட்டி. மகள் பிரசவத்துக்காக சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன் டீச்சரு இப்படி நெளியிறீங்க? ஒண்ணுக்குத்தானே? எந்திரிங்க, நானும் வாரேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். நான் வெட்கத்தில் செத்தேன். கண்டக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு டார்ச் லைட்டை நீட்டினார். "பாறைப் பக்கமா போங்கக்கா. பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மண்ணு சறுக்கும்."

பாட்டி குடையைப் பிடித்தாள், நர்ஸம்மா ஒருத்தி தன் சால்வையை விரித்துத் திரையாகப் பிடித்தாள். நான் திரும்பி வந்து பார்த்தால், பஸ்ஸிலிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வருகிறார்கள். பதினோரு பேர். அத்தனை பேரும் என்னைப் போலவே வாயைத் திறக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்!

ஊர்க்காரர்கள் கொடுவாளோடு வந்து மரத்தை வெட்டி ஒதுக்க, வீடு வந்து சேர ஒன்பதரை. இரண்டாம் நாள் குளிர்காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் குத்து வலி. டாக்டரம்மா கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"அரை பாட்டில் இருக்கும்..."

"எப்போ?"

"ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பகலில் தண்ணீர் குடித்தால் பாத்ரூம் தேட வேண்டுமே என்று வருஷக் கணக்காகக் குடிக்காமல் இருந்திருக்கிறேன். பெண்களுக்குச் சிறுநீர் வரும் பாதை நீளம் குறைவு, கிருமி சுலபமாக ஏறிவிடும். தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். குடிக்காமல், போகாமல் அடக்கினால் அது உள்ளேயே தங்கிப் பெருகும். எரிச்சலும், அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வும் அதன் முதல் எச்சரிக்கை. காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று பயப்பட வேண்டும், தாமதிக்கக்கூடாது. கொடுத்த மருந்தை, சரியாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வைப் பிற்பாடு அவரே சொன்னார்: அடிக்கடி இந்தத் தொல்லை வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரைத் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்களாம். அவர்களுக்கு ஒரு வருஷத்தில் தொற்று வந்த தடவைகள் மற்றவர்களைவிடப் பாதியளவுதான்.

அதற்குப் பிறகு வாயைத் திறந்தேன். பள்ளியில் டீச்சர்கள் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். தண்ணீர்க் குழாய் வர ஒன்றரை வருஷமானது, வந்தது. நான் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு டீக்கடைக்காரம்மா தன் வீட்டுக் கழிவறையை எங்களுக்குத் திறந்துவிடுகிறாள். காசு வாங்க மாட்டாள். பள்ளிக்கூடத்துப் பழைய பேப்பரை மட்டும் பஜ்ஜிக்கு வாங்கிக்கொள்வாள். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர், பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு பாட்டில், மூன்றரைக்குள் இன்னொன்று, பஸ்ஸுக்கு முன்னால் டீக்கடை. இப்படி ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். மலைப் பாதையில் நடுவழியில் மாட்டிக்கொண்டால் இன்றைக்கும் குடையும் சால்வையும்தான் கதி. ஒரு பஸ் நிறைய வேலைக்குப் போகிற பெண்கள், ஆனால் இது யாருடைய திட்டத்திலும் வராத விஷயம் என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. வீட்டிலிருந்து பஸ் நிலையம் வரை அந்தக் காசு மிச்சம். அது நல்ல காரியம், மறுக்க மாட்டேன்.

ஆனால் 2024 என்னை ஆட்டிவிட்டது. ஏப்ரல் 30-ந் தேதி, ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய ஒரு தனியார் பஸ் 13-வது வளைவில் கவிழ்ந்து சிலர் உயிரிழந்தார்கள், பலருக்குப் பலத்த அடி. அதே வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த வளைவில் இப்போதும் பஸ்ஸில் பேச்சு தானாக அடங்கிவிடும். டிரைவர் கியரை மாற்றும் சத்தம் மட்டும் கேட்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், இறங்கும்போது சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். இந்த விதிகளை நானே டிரைவர் மாதிரி மனப்பாடமாக வைத்திருக்கிறேன். யாராவது அவசரக்காரக் கார் குறுக்கே வந்தால் மனசுக்குள் திட்டுகிறேன், சில சமயம் வாய்விட்டும்.

"மாறுதல் கேளு. கீழேயே வந்துடு" என்கிறார் என் கணவர். மகளும் அதையே சொல்கிறாள். விண்ணப்பத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கலந்தாய்வு வருகிறது. போன வருஷமும் எழுதி வைத்தேன், கொடுக்கவில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பெண் இப்போது கல்லூரிக்கு அதே பஸ்ஸில் எனக்கு எதிர்த் திசையில் இறங்குகிறாள். அடிவாரத்தில் இரண்டு பஸ்ஸும் நிற்கும்போது கை காட்டுவாள். அதை வீட்டில் எப்படி விளக்குவது?

நேற்று ஒரு புதுப் பெண் ஏறினாள். மேலே ஏதோ ஆஸ்பத்திரியில் வேலையாம், முதல் நாளாம். ஏழாவது வளைவிலேயே முகம் வெளுத்துப் போச்சு. என் முன் சீட்டைக் கொடுத்து, இஞ்சித் துண்டை நீட்டினேன்.

"தூரத்துல பாரும்மா. பாறையைப் பார்க்காதே. காலையில என்ன சாப்பிட்டே?"

"பொங்கல், வடைங்க்கா..."

"டீச்சர்!" என்றார் கண்டக்டர், மஞ்சள் பை ஒன்றை எடுத்து நீட்டியபடி. "இதை அந்தப் பொண்ணு கையில குடுங்க. அப்படியே அஞ்சு ரூபாய் சில்லறை இருந்தா எடுங்க."