புத்தகம் எழுதிய அம்மா வீட்டில் பாத்திரம் விளக்குவது யார்?

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டைவாசி. பழைய கால கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், "சித்தி, நீங்க ஒருதரம் படிச்சுப் பாருங்க. அப்புறமா எங்களைக் குறை சொல்லுங்க" என்று இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை அனுப்பி வைத்தாள். படித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்!

ஒன்று, ஃபேஸ்புக் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த ஷெரில் சாண்ட்பெர்க் 2013-ல் எழுதிய 'லீன் இன்'. வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் தயங்கி நிற்காமல் முன்னே வந்து உட்கார வேண்டும் என்கிறார். இன்னொன்று, ரேச்சல் ஹாலிஸ் 2018-ல் எழுதிய 'கேர்ள், வாஷ் யுவர் ஃபேஸ்'. உன் சந்தோஷத்துக்கு நீயே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். இதை வெளியிட்டது பைபிள் அச்சிடுகிற தாமஸ் நெல்சன் பதிப்பகம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இரண்டிலும் நல்ல வார்த்தைகள் இல்லாமல் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் மனதில் நின்றது. இந்த அம்மா முன்னே போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வீட்டில் பாத்திரம் விளக்குவது யார்? 2021-ல் ஹாலிஸே பதில் சொல்லிவிட்டார். வாரத்தில் 2 நாள் வந்து தன் வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்ணைக் கழிப்பறை கழுவுகிறவர் என்று ஒரு வீடியோவில் பேசி, பலரும் கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டார். நம் வீடுகளிலும் இதே கதைதானே? ஒருத்தி முன்னேறினால் சுமை மாமியார் தலையிலோ வேலைக்காரப் பெண் தலையிலோ இறங்குகிறது. அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு யார் புத்தகம் எழுதுவார்கள்?

சாண்ட்பெர்க், பாவம், 2015-ல் கணவரை இழந்தார். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களின் கஷ்டம் முன்பு தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று மறு வருஷமே எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

"அப்போ பொம்பளை அடங்கித்தான் கிடக்கணுமா?" என்று கேட்பீர்கள். யார் சொன்னது? நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் வரும் குணசாலியான பெண் நிலம் வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், நெய்ததை வியாபாரிக்கு விற்கிறாள். வீட்டாரை மறந்துவிட்டு அல்ல. எபேசியர் 5-ல் மனைவி கீழ்ப்படிவதற்கு 3 வசனம் என்றால், கணவன் அவளிடம் எப்படி அன்பாயிருக்க வேண்டும் என்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். நம் போதகர்கள் பலர் கல்யாணப் பிரசங்கத்தை முதல் 3 வசனத்தோடு முடித்துக்கொள்வது வேறு விஷயம்!

உண்மையான அநியாயம் சட்டத்தில் இருந்தது. 1869-ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவிக்குக் கள்ளத்தொடர்பு என்று நிரூபித்தாலே கிறிஸ்தவக் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவியோ, கணவனின் கள்ளத்தொடர்போடு அவன் செய்த கொடுமையையோ, 2 வருஷம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் மாற்றினார்கள். விவாகரத்தை நான் ஆதரிப்பவள் இல்லை. ஆனாலும் இது ஓரவஞ்சனைதானே? கேரளத்தில் மேரி ராய் அப்பா சொத்தில் சம பங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் ஜெயித்தார். 'மனதை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகும்' என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நடந்திருக்குமா?

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓர் இளம்பெண். புருஷன் குடிகாரன், கை நீட்டுகிறவன். 2 பிள்ளைகள். "பொறுத்துப் போம்மா" என்று நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. "உன் சந்தோஷம் உன் கையில்" என்றும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். அவள் தையல் படித்தாள். பிடியரிசிக் காணிக்கைப் பணத்தோடு கைப்பணமும் போட்டு ஒரு பழைய மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் போய் அவனிடம் கண்டிப்பாகப் பேசிவிட்டு வந்தார்கள்.

இப்போது அவள் மார்க்கெட் பக்கம் வாடகைக் கடையில் தைக்கிறாள். கிறிஸ்துமஸ் சமயம் ராத்திரி 12 மணி வரை வேலை இருக்கும். புருஷன் திருந்தினானா என்று கேட்காதீர்கள். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். மறுபடி கை நீட்டினால் அவளும் பிள்ளைகளும் வந்து தங்க எங்கள் வீட்டு முன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.