கொடிக்கயிறு யார் கையில்?

பழையசீவரத்தில் மாலை நேரப் பாடத்துக்கு வரும் பிள்ளைகளிடம், "ஆகஸ்ட் 15 என்றால் என்ன?" என்று கேட்டேன். "மிட்டாய் தருவாங்கண்ணா" என்றான் ஒருவன். "வெள்ளைக்காரன் போன நாள்" என்றாள் இன்னொருத்தி. இரண்டும் சரிதான். "அன்னைக்கு ஊராட்சி ஆபீசில் கொடி யார் ஏத்தணும்?" என்று அடுத்துக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்.

முதலில் தேதி. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. 1930 முதல் ஜனவரி 26தான் சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டது. ஆகஸ்ட் 15 என்பது கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்த தேதி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பணிந்தது 1945 ஆகஸ்ட் 15. அதன் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். ஜனவரி 26ஐயும் நாம் விட்டுவிடவில்லை. 1950இல் அரசமைப்புச் சட்டம் அந்த நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்த நாளின் பொருள் என்ன என்பதில் அன்றே ஒருமித்த கருத்து இல்லை. பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அவரோடு இருந்த அண்ணா மகிழ வேண்டிய நாள் என்றார். அண்ணல் அம்பேத்கர் நேருவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். ஆனால் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவம் இருக்காது, இந்த முரண்பாட்டை விரைவில் நீக்க வேண்டும் என்றார்.

அந்த முரண்பாட்டை நம் பக்கத்து ஊரிலேயே பார்க்கலாம். பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தேர்தல் நடந்தது என்று பெருமை பேசுகிறோம். அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குடத்தில் ஒருவர் பெயர் விழ, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலத்தை உழுது நட்டு அறுத்தவர்களின் பெயர் அந்தக் குடத்தில் இல்லை.

இன்றைய கிராம சபைக்கு நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்களே. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது சட்டத்திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவியிலும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்தது.

சட்டம் தந்ததை ஊர் தரவில்லை. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாட அப்போது ஏழு வாரம்கூட இல்லை.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அந்த ஊருக்குச் சுதந்திர தினம் ஐந்து நாள் தாமதமாக வந்தது. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சிக் கூட்டத்தில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவான 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கொடிதானே, யார் ஏற்றினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கொடியேற்றுகிறவரே அன்று கிராம சபைக்கும் தலைமை ஏற்கிறார். வரவு செலவுக் கணக்கு அவர் முன்னால் வாசிக்கப்படுகிறது. சுடுகாட்டுப் பாதை, மனைப்பட்டா, குடிநீர்க் குழாய் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. கொடிக்கம்பத்தடியில் ஒதுக்கி வைக்கப்பட்டவரைக் கணக்கு நோட்டின் பக்கம் எப்படி விடுவார்கள்?

ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ பட்டியல் சாதியினர், பழங்குடியினராக இருந்து, அவர் தம் பணியைச் செய்யவிடாமல் மிரட்டினாலும் தடுத்தாலும் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எம்)படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பிரிவை மாணவர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கயிற்றை இழுப்பது யார், நாற்காலியில் உட்காருவது யார், நின்றுகொண்டே இருப்பது யார் என்று பாருங்கள். கிராம சபையில் அப்பாவையும் அம்மாவையும் ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள். நாம் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்வரை அங்கிருந்து எழுந்திருக்க வேண்டாம்.