நுவரெலியாவில் அரைநாள்

கண்டியிலிருந்து பதுளைப் பக்கம் செல்லும் குடும்பத்தார் சிலர், நடுவழியில் நுவரெலியாவில் அரைநாள் தங்க விரும்புவர். அவர்கள் முதலிற் கணக்கிட வேண்டியது நேரத்தையே. புகைவண்டி நிலையம் நகரில் இல்லை. ஏறக்குறைய 8 கிலோமீற்றர் அப்பால் நானுஓயாவில் உள்ளது. முன்னொரு காலத்தில் நகரினூடே ராகலை வரை ஓடிய சிறு புகைவண்டி மறைந்து நெடுங்காலமாயிற்று.

எஞ்சிய பொழுதில் எல்லாவற்றையும் காண முயல்வோர் வண்டியின் சாளரத்தையே காண்பர்! சீதா எலியவும் ஹக்கலைப் பூங்காவும் வெலிமடைத் தெருவில் உள்ளன; தெருவழியே பதுளை செல்வோர் அவற்றைப் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம். நகரில் 1894இற் கட்டிய செங்கல் தபாற் கந்தோர், அதனருகே விக்டோரியாப் பூங்கா, 1873இல் தேசாதிபதி கிரெகரி அமைத்த ஏரி ஆகியன போதும். முதியோருக்குக் கம்பளி உடை வேண்டும். இது 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம்.

துரைமாரின் மாளிகைகளைக் குழந்தைகளுக்குக் காட்டுவோர், பாதையோரத் தோட்டங்களின் லயன்களையும் காட்டுதல் வேண்டும். நகரின் வரலாற்றிற் பாதி அங்கேதான் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தவர்களின் சந்ததியார் அங்கு வாழ்கின்றனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமை அற்றவராயினர். கடைசியாக எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.