கடலுக்குள் ஒரு முழு உருவம்

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வரை, உயிருள்ள திமிங்கலத்தின் முழு உருவத்தைக் கண்டவர்கள் மிகச் சிலரே. கப்பலில் சென்றோர் கண்டதெல்லாம் நீர்மட்டத்தில் எழுந்து மறையும் முதுகும், பீறிடும் மூச்சும், உயர்ந்து அமிழும் வாலும்தான். முழு உடலைக் காண விரும்பினால் வேட்டையாடிக் கரையேற்றப்பட்ட திமிங்கலத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் தொண்டை ஊதிப் பெருத்திருக்கும். உடல் தன் எடையாலேயே நசுங்கியிருக்கும். ஓவியர்கள் பலர் அதைப் பார்த்தே வரைந்தனர். இறந்த யானையைக் கண்டு, யானை நடக்கும் அழகைச் சொல்ல முயல்வது போன்றதே அது.

நீருக்கடியில் படமெடுக்கும் கலை அதற்கு வெகுகாலம் முன்பே தோன்றிவிட்டது. 1893ஆம் ஆண்டில் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர், படக்கருவியை நீர்புகாப் பெட்டியில் வைத்துக் கடலுக்குள் படமெடுத்தார். ஒரு படத்திற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நீந்திக்கொண்டே இருக்கும் திமிங்கலம் அதுவரை காத்திருக்குமா? பின்னர், 1943இல் குஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய மூச்சுக்கருவியால் மனிதன் காற்றுக்கலனை முதுகில் சுமந்து தடையின்றி நீந்த முடிந்தது.

ஆயினும், திமிங்கலம் எளிதில் படத்திற்குள் அடங்கவில்லை. கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்றின் நீளம் 13 மீட்டருக்கும் மேல் இருக்கும். தள்ளி நின்றால் அது நீல மங்கலில் கரைந்துவிடும். நெருங்கினால் ஒரு கண்ணோ துடுப்போ மட்டுமே பதிவாகும். செயற்கை ஒளியைப் பாய்ச்சினால், நீரில் மிதக்கும் நுண்துகள்கள்தாம் பனித்தூறல்போல் மின்னின. எனவே, சூரிய ஒளியையும் விரிகோண வில்லையையும் நம்பினார்கள். படச்சுருளிலோ 36 படங்கள்தாம். முடிந்ததும் படகுக்குத் திரும்பியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் மூச்சுக்கருவியிலேயே இருந்தது. முக்குளிப்பாளர் விடும் மூச்சு, குமிழிகளாகச் சலசலத்து மேலெழும். கூன்முதுகுத் திமிங்கலங்கள் சண்டையிடும்போது தாமே குமிழிகளை ஊதுவதுண்டு. ஆகவே, குமிழிச் சத்தம் கேட்டதும் விலகிச் சென்றன. கடலுக்குள் செல்ல வழிவகுத்த கருவியையே கழற்றி வைத்துவிட்டு, படமெடுப்போர் பலர் மூச்சடக்கி மூழ்கினர்.

அந்தப் பாட்டிற்குப் பயன் கிட்டியது. கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாடல்கள் முன்பே ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தன. பாடுவது ஆணா, பெண்ணா என்பதைப் படகிலிருந்து பார்த்துச் சொல்ல இயலவில்லை. 1970களில் ஹவாய்த் தீவுகளின் மாவிக் கடலில் ஆராய்ந்த டெபொரா குளோக்னர், திமிங்கலங்களின் அடிவயிற்றை நீருக்கடியில் படமெடுத்தார். பெண் திமிங்கலத்தின் அடிவயிற்றில் மட்டும் சிறிய அரைக்கோள மேடு ஒன்று உண்டு. பாடிய திமிங்கலங்களிடம் அது இல்லை. அவை ஆண்கள் என்று 1983இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது.

பாடும் திமிங்கலம் பெரும்பாலும் தலைகீழாக, அசையாமல் ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். முக்குளிப்பாளர் அதன் அடிவயிறு வரை இறங்கி, படமெடுத்து, மேலே வந்து சேர வேண்டும். அத்தனைக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு மூச்சு.