நம்ம ஊரு நாவற்பழம்

டி.வி.யில் புளூபெர்ரி பழத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். அது வட அமெரிக்கப் பழம். ஒரு சின்ன டப்பா வாங்கவே நம் கூலி கட்டுப்படி ஆகாது.

நம்ம ஜூஜுவாடிப் பக்கம் ஆனி, ஆடியில் கூடையில் விற்கும் நாவற்பழத்தை, அதாங்க நேரேடு, மறந்துவிட்டோமே! இரண்டுக்கும் ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே வகைச் சத்துதான். அது ரத்தக் குழாய்களுக்கு நல்லது என்கின்றன ஆய்வுகள். நாவலிலும் வைட்டமின் சி, நார்ச்சத்து உண்டு. 100 கிராமில் சுமார் 60 கலோரிதான்.

ஒரு எச்சரிக்கை: நாவல் கொட்டைப் பொடியை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீங்க. டாக்டரிடம் கேட்காமல் இரண்டையும் சேர்த்தும் சாப்பிட வேண்டாம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

பழத்தைக் கழுவி, பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுவோம். நாக்கு ஊதாவானால் ஆகட்டும்!