உயிர்க்கரி மூலம் கன உலோகங்களை நிலைப்படுத்தல்

கழிவுகளின் காற்றில்லாச் செரிமானத்தின்போது உயிர்க்கரியைச் சேர்த்து, அவற்றிலுள்ள கன உலோகங்களைப் பயிர்கள் எளிதில் உறிஞ்ச இயலாத வடிவத்துக்கு மாற்றும் முறை, உயிர்க்கரி மூலம் கன உலோகங்களை நிலைப்படுத்தல் எனப்படும். உமி, வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை ஆக்சிசன் மிகக் குறைந்த சூழலில் ஏறத்தாழ 300 முதல் 700 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது கிடைக்கும், நுண்துளைகள் நிறைந்த கரியே உயிர்க்கரி ஆகும்.

பின்னணி

சாண எரிவாயுக் கலன்களில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைத்து மெத்தேன், கார்பன்-டை-ஆக்சைடு ஆகியவற்றை உருவாக்குகின்றன. உலோகங்கள் தனிமங்களாதலால் சிதைவதில்லை. கரிமப் பொருள் வளிமமாக வெளியேறுவதால், எஞ்சும் கசடின் உலர் எடையில் உலோகங்களின் செறிவு உயர்கிறது. பன்றித் தீவனத்தில் சேர்க்கப்படும் செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் பெரும்பகுதி சாணத்தில் வெளியேறுகிறது. நகரக் கழிவுநீர்க் கசடில் ஈயம், காட்மியம், நிக்கல் போன்றவை காணப்படலாம். இக்கசடு வயலுக்கு எருவாக இடப்படும்போது உலோகங்கள் மண்ணில் சேர்ந்து உணவுச் சங்கிலியை அடையக்கூடும். உணவு வழியாகக் காட்மியம் விளைவிக்கும் கேட்டுக்குச் சப்பானின் இத்தாய்-இத்தாய் நோய் எடுத்துக்காட்டாகும். அங்கு சுரங்கக் கழிவால் மாசடைந்த சின்சூ ஆற்று நீர் நெல் வயல்களில் பாய்ந்தது. சப்பானிய அரசு 1968இல் இந்நோய்க்குக் காட்மியமே காரணம் என அறிவித்தது.

செயற்படும் முறை

செரிமானத்தில் உருவாகும் சல்பைடு, உலோக அயனிகளுடன் வினைபுரிந்து அவற்றை வீழ்படிவாக்குகிறது. எனினும், கசடு வயலில் காற்றுடன் கலக்கும்போது சல்பைடு ஆக்சிசனேற்றம் அடைந்து உலோகங்கள் மீண்டும் விடுபடக்கூடும். உயிர்க்கரி பின்வரும் வழிகளில் கூடுதலாக உதவுகிறது:

* மேற்பரப்பிலுள்ள ஆக்சிசன் கொண்ட வினைத்தொகுதிகள் உலோக அயனிகளைப் பிணைக்கின்றன.
* கரியிலுள்ள கால்சியம், பொட்டாசியம் அயனிகள் உலோக அயனிகளுடன் இடம் மாறுகின்றன.
* சாம்பலிலுள்ள கார்பனேட்டு, பாசுபேட்டு ஆகியவை உலோகங்களைக் கரையாத உப்புகளாக்குகின்றன.

மதிப்பீடு

நிலைப்படுத்தல் உலோகத்தை அகற்றுவதில்லை. அதன் மொத்த அளவு மாறாமலிருக்க, வடிவம் மட்டுமே மாறுகிறது. எனவே மொத்த அளவை மட்டும் அளந்தால் போதாது. படிமுறைப் பிரித்தெடுத்தல் மூலம் உலோகங்கள் அமிலத்தில் கரையும் பகுதி, ஒடுக்கமடையும் பகுதி, ஆக்சிசனேற்றமடையும் பகுதி, எஞ்சும் பகுதி என நான்காகப் பிரிக்கப்படுகின்றன. முதற்பகுதி குறைந்து இறுதிப்பகுதி கூடுவது நல்ல அறிகுறியாகும்.

வரம்புகள்

கழிவுநீர்க் கசடிலிருந்து செய்யப்படும் கரியிலேயே கன உலோகங்கள் இருக்கலாம். எதிர்மின் அயனியாக இருக்கும் ஆர்செனிக்கை, பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்ட கரிப்பரப்பு நன்கு கவர்வதில்லை. நிக்கல், கோபால்ட்டு ஆகியவை மெத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகளுக்குச் சிறிதளவு தேவைப்படுவதால், மிகையான கரி அவற்றையும் பிணைத்துவிடக்கூடும். மேலும், ஆண்டுதோறும் எருவிடப்படும் நிலத்தில் உலோகங்களின் மொத்த அளவு தொடர்ந்து கூடும். ஆகவே தீவனத்திலும் ஆலைக் கழிவிலும் உலோகங்களைக் குறைப்பதற்கு இம்முறை மாற்றாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பது 2022 சூன் முதல் நிறுத்தப்பட்டது இத்தகைய மூலக் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகும்.