கிதாரோவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

நீண்ட காலம் ஓடிய சித்திரக்கதைத் தொடர் ஒன்றை வாசிக்க விரும்பும் எவரும் முதலில் கேட்பது "முதலாம் பாகம் எங்கே?" என்பதைத்தான். பெரும்பாலான தொடர்களுக்கு அது பொருத்தமான கேள்வியே. யப்பானிய ஓவியர் ஷிகெரு மிஸுகியின் 'கெகெகே நோ கிதாரோ'வுக்கு மட்டும் அது அவ்வளவாகப் பொருந்தாது. அந்தத் தொடருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் உண்டு. பொருந்தாத வாசலால் நுழைபவர் பத்துப் பக்கத்தோடு நூலை மூடிவைத்துவிடக் கூடும். மாயமும் அச்சமும் நகைச்சுவையும் ஒருசேரக் கலந்த இப்படியொரு தொடரை அவ்வாறு இழப்பது வீண் நட்டமல்லவா?

கிதாரோ ஒற்றைக்கண் சிறுவன். அழிந்துபோன ஆவிக் குலத்தின் கடைசிப் பிள்ளை. தாய் இறந்து புதைக்கப்பட்ட பின், மண்ணைக் கிளறிக்கொண்டு மயானத்தில் பிறந்தவன். தந்தையின் உடல் நோயால் அழுகிப் போகிறது. ஆனால் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கவலையில் அவரது ஒரு கண் மட்டும் சாக மறுக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கைகால் முளைத்து, விரலளவு மனிதராகி, மகனின் தலைமயிருக்குள் குடியிருந்துகொண்டு புத்தி சொல்கிறது. அவருக்கு மிகப் பிடித்தது தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் நிரப்பிக் குளிப்பது. அருவருப்பாகத் தொடங்கும் ஒரு கற்பனை இரண்டு பக்கத்தில் பாசமாக மாறிவிடுகிறது. மிஸுகியின் கைவண்ணம் முழுவதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

கிதாரோ மனிதருக்கும் 'யோகாய்'களுக்கும் நடுவே நின்று பிணக்குத் தீர்ப்பவன். யோகாய் என்பதைப் பேய் என்று மொழிபெயர்த்தால் போதாது. இறந்தவரின் ஆவி வேறு, யோகாய் வேறு. இரவுப் பாதையில் திடீரென வழிமறிக்கும் சுவர், காற்றில் பறந்துவந்து கழுத்தைச் சுற்றும் நீண்ட துணி, மண்ணை வாரி இறைக்கும் கிழவி எல்லாமே யோகாய்கள்தாம். யப்பானியக் கிராமங்களில் வாய்மொழியாக வழங்கிவந்த இவற்றுக்கு உருவம் கொடுத்து, பலவற்றை மறதியிலிருந்து மீட்டவர் மிஸுகி.

இனி அந்தப் பல தொடக்கங்களைப் பார்ப்போம். 1930களில் யப்பானியத் தெருக்களில் 'கமிஷிபாய்' என்ற கலை இருந்தது. கதைசொல்லி மிதிவண்டியில் வந்து, மரச்சட்டத்துக்குள் சித்திர அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கதை சொல்வார். பிள்ளைகளுக்கு இனிப்பு விற்பதுதான் அவரது வருமானம். மயானச் சிறுவன் கதை அங்கேயே பிறந்துவிட்டது. 1954இல் மிஸுகி அதைத் தம் பாணியில் கமிஷிபாய்க்காக வரைந்தார். 1960இல் வாடகைப் புத்தகக் கடைகளுக்கான சித்திரக்கதையாக எழுதினார். ஊதியத் தகராறால் அவர் விலக, அதே தலைப்பில் வேறோர் ஓவியர் வரைந்த காலமும் உண்டு. 1965இல் சிறுவர் வார இதழொன்றில் கதை புதிதாகத் தொடங்கியது. தொலைக்காட்சிக்குப் போகும் வேளையில் தலைப்பிலிருந்த 'மயானம்' என்ற சொல் இடையூறாக இருக்கவே, 1967இல் அது 'கெகெகே' ஆயிற்று. சிறுவயதில் தம் பெயரான ஷிகெருவைச் சரியாக உச்சரிக்க இயலாமல் 'கெகே' என்று சொன்னதால் வந்த செல்லப்பெயர் அது. 1968 தொடக்கம் 2018 வரை ஆறு தொலைக்காட்சித் தொடர்கள் வந்துவிட்டன.

1960ஆம் ஆண்டுக் கிதாரோ நல்லவன் அல்லன். புகைபிடிப்பான், பிறர் துன்பத்தைப் பார்த்து இளிப்பான். வரலாற்று முறைப்படி வாசிப்பேன் என்று அங்கே தொடங்குபவருக்கு, பிள்ளைகள் இவனை ஏன் நேசித்தார்கள் என்பதே விளங்காது. கீழ்வகுப்பு மாணவியருக்கு அதை நான் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

ஆகவே என் ஆலோசனை, ஆங்கிலத்தில் 2013இல் வெளிவந்த 'கிதாரோ' என்ற தடித்த தொகுப்பில் தொடங்குங்கள். 1967க்கும் 1969க்கும் இடைப்பட்ட கதைகளிலிருந்து தெரிந்தெடுத்தவை அதில் உள்ளன. கதைகள் பெரும்பாலும் தனித்தனியாக முடிபவை என்பதால் எதை முதலில் வாசித்தாலும் குழப்பமில்லை. பிறகு, 2016இல் ஆரம்பித்த ஏழு சிறு நூல்களின் வரிசையில் முதலாவதான 'கிதாரோவின் பிறப்பு'க்கு வாருங்கள். கண்ணாகிய தந்தையை ஏற்கெனவே அறிந்துகொண்டு அந்தப் பிறப்புக் கதையை வாசிக்கையில் அச்சத்தைவிட இரக்கமே மேலோங்கும். ஏழையும் ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம். வார இதழுக்கு எழுதியவை ஆகையால் கதையமைப்பு திரும்பத் திரும்ப வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு கதைகள் போதும்.

வாசிக்கும்போது எலி மனிதனைக் கவனியுங்கள். பாதி மனிதன், பாதி யோகாய். குளிக்காதவன், காசுக்காக நண்பனையும் விற்பவன். முதல் வாசிப்பில் கிதாரோவைப் பிடிக்கும், இரண்டாம் வாசிப்பில் இவனைத்தான் பிடிக்கும். பூனைப் பெண்ணுக்குப் பழைய கதைகளில் கிடைக்கும் இடம் குறைவு என்பது எனக்குள்ள மனக்குறை. 2018ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர்தான் அதை ஓரளவு ஈடுசெய்தது.

இன்னொரு விடயம். யப்பானியச் சித்திரக்கதைகள் வலமிருந்து இடமாகச் செல்பவை. நமக்கு இது பெரிய சிரமமில்லை. சிறுவயதிலேயே ஓதப் போய்ப் பழகிய திசைதானே! ஆனால் அப்படியே அச்சிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் கட்டங்கள் வலமிருந்து இடமாகவும், கட்டத்துக்குள் உள்ள எழுத்து இடமிருந்து வலமாகவும் ஓடும். முதற் சில பக்கங்களில் கண் தடுமாறும், பின்பு பழகிவிடும்.

தொடர் பிடித்துப்போனால் அடுத்து மிஸுகியின் 'நொன்னொன்பா'வைத் தேடுங்கள். அவர் வளர்ந்த சகாய்மினாதோ என்ற கடலோர ஊரில் யோகாய்க் கதைகள் சொல்லித் தந்த ஏழை மூதாட்டியின் கதை அது. கூரையில் படியும் கறை இரவில் ஒரு யோகாய் நக்கிச் சென்றதன் அடையாளம் என்பார் அவர். இருட்டுப் பாதையில் பின்னால் காலடி கேட்டால், ஒதுங்கி நின்று "பெதோபெதோ அவர்களே, முன்னே செல்லுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னால் போதுமாம், காலடி கடந்துபோய்விடும். பிரான்சின் அங்குலேம் விழாவில் 2007ஆம் ஆண்டின் சிறந்த நூலுக்கான விருதைப் பெற்றது இந்நூல்.

மிஸுகியை உண்மையில் அச்சுறுத்தியவை யோகாய்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் அவர் நியூ பிரிட்டன் தீவின் ரபௌலுக்கு அனுப்பப்பட்ட சாதாரணச் சிப்பாய். விமானக் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். கிதாரோவை வரைந்தது எஞ்சிய ஒற்றைக் கைதான். சிப்பாய்களை வீணாகச் சாகச் சொன்ன கட்டளைகளைப் பற்றி 1973இல் அவர் வரைந்த போர்க்கதையில் மாயம் எதுவும் இல்லை. அதில் தொண்ணூறு வீதம் உண்மை என அவரே எழுதியிருக்கிறார். அதை வாசித்துவிட்டு மீண்டும் கிதாரோவுக்குத் திரும்பினால், அங்கே கொடியவர்களாக வருவோரில் மனிதர் இத்தனை பேர் ஏன் என்பது புரியத் தொடங்கும்.

மேல்வகுப்பினருக்கு 'ஷோவா' என்ற நான்கு பெருநூல்களும் உண்டு. 1926 முதல் 1989 வரையான யப்பானின் வரலாற்றை, தம் சொந்த வாழ்வோடு பின்னி மிஸுகி அதில் வரைந்திருக்கிறார். விடுமுறைக்கு ஒதுக்கி வைக்கலாம். அந்த வரலாற்றை நமக்கு எடுத்துச் சொல்லும் கதைசொல்லி, நமக்குப் பழகிய அதே எலி மனிதன்.